ஊட்டிக்கு நாலே நிமிடத்தில் போவது எப்படி?

விடுமுறைக்கு ஊட்டி கிளம்பும் சென்னைவாசிகளின் நலன் கருதி இந்த வழிகாட்டி. வரிசை மாறாமல் கடைப்பிடிக்கவும்.

1. முதலில் கணக்கு. வரைபடத்தில் கோவை விமான நிலையத்துக்கும் ஊட்டிக்கும் நேர்கோடு போடுங்கள். சுமார் 55 கிலோமீட்டர்தான் வரும். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கிற விமானத்துக்கு நாலு நிமிட வேலை. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். நீலகிரியில் விமான நிலையமே கிடையாது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

2. சென்னையிலிருந்து கோவைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வாங்கிய டீ ஆறுவதற்குள் விமானம் இறங்கத் தொடங்கிவிடும். பீளமேடு விமான நிலையத்தில் கால் வைத்ததும், "முக்கால்வாசி தூரம் முடிஞ்சுது" என்று குடும்பத்தில் ஒருவராவது அறிவிக்க வேண்டும். அது சம்பிரதாயம்.

3. டாக்சி ஓட்டுநரிடம் கிலோமீட்டர் கேட்காதீர்கள். தொண்ணூறு என்பார், நீங்கள் மனசுக்குள் ஒன்றரை மணி நேரம் போட்டுக்கொள்வீர்கள். நேரத்தைக் கேளுங்கள். "டிராஃபிக் இல்லீன்னா மூணு மணி நேரத்துல போயிரலாங்க" என்பார். முதல் இரண்டு சொற்களை உற்றுக் கேளுங்கள். விஷயம் அதில்தான் இருக்கிறது.

4. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் கட்டாயம். கல்லாறு சோதனைச் சாவடி வரிசையில் நிற்கும்போதுதான் இது ஞாபகம் வர வேண்டும். செல்போனில் சார்ஜ் இரண்டு சதவீதம் இருந்தால் உத்தமம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் அங்கேயே ஒப்படைத்துவிடலாம். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. அவர்கள் உங்களை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தபடி கடந்து போவார்கள், கையசைக்கவும்.

5. அடுத்து, குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். பலகைகளை நீங்கள் எண்ண வேண்டாம், பின்சீட்டு மைத்துனர் சத்தமாக எண்ணுவார். ஏழாவதில் மௌனமாவார். ஒன்பதாவதில் வண்டியை நிறுத்தச் சொல்வார். எலுமிச்சம்பழம் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். இறங்கி வருகிற வண்டி ஒதுங்கி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. இந்தப் பயணத்தில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே மரியாதை அது.

6. டிக்கெட் கிடைத்தால் மலை ரயிலில் போகலாம். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் புறப்படும். 46 கிலோமீட்டர், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். குறை சொல்லாதீர்கள். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல இடங்களில் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பல் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வருகிறது. அந்த நேரத்தில் கோவையிலிருந்து சிங்கப்பூருக்கே பறந்துவிடலாம்தான். ஆனால் சிங்கப்பூர் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் இல்லை.

7. திரும்பும்போது, சீசன் சமயமென்றால் போலீசார் கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள். இறக்கம்தானே என்று நேரத்தைக் குறைத்துப் போடாதீர்கள். செகண்ட் கியருக்கு ஏற்றமும் இறக்கமும் ஒன்றுதான். எப்போது கிளம்பலாம் என்று எஸ்டேட்காரர் யாரையாவது கேளுங்கள். அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் மேகத்தைப் பார்ப்பார். சாயங்கால விமானத்துக்குக் காலைச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பச் சொல்வார். சிரிக்காமல் கிளம்புங்கள். மத்தியானம் கிளம்புகிறவர்களும் தங்கள் விமானத்தைப் பார்க்கத்தான் செய்கிறார்கள்: குஞ்சப்பனை வளைவில் வண்டிக்குப் பின்னால் வண்டியாக நின்றபடி, அண்ணாந்து.