நடவு போட்ட தலைக்கு என்ன தொப்பி?

வாய்யா மாப்ள, வா. பைய. நல்லாக் குனிஞ்சு வா. இந்த நெலைய வச்சது எங்கய்யா. அவரு ஒசரம் அஞ்சடி, தனக்குத் தோதா வச்சிட்டுப் போயிட்டாரு. ஒங்க அப்பாரு பொண்ணு பாக்க வந்தன்னைக்கு இதே நெலையில முட்டி, நெத்தியில கொழுக்கட்டை கணக்கா வீங்கித்தான் ஒக்காந்திருந்தாரு. அவருக்கு வீக்கத்தோட போச்சு. நீ முட்டுனா ஒரு முட்டுக்கு அம்பது நாத்து போகும். எம்புட்டு நட்டம்னு நீயே கணக்குப் போட்டுக்க, நீதான் கம்ப்யூட்டருக்குப் படிச்சவன்.

ஒக்காரு. தலையில என்னய்யா அது, வாளியக் கவுத்து வச்ச மாதிரி? பக்கெட் தொப்பியா? பேரு வச்சவன் நம்ம ஊர்க்காரனாத்தான் இருக்கணும். பெங்களூர்லருந்து ராத்திரி முச்சூடும் பஸ்ஸுல இதத்தான் மாட்டிக்கிட்டு வந்தியா? சன்னல்ல சாஞ்சு தூங்கலையே? சரி, கழட்டு, பாப்பம். அட, உச்சியப் புடிச்சு இழுக்காதய்யா! பன்னீர் திராட்சைக் கொத்த எப்பிடி எடுப்பாய்ங்க? பழத்துல வெரல் படாம, மேல பூத்த சாம்பல் அழியாம, காம்பப் புடிச்சுத்தான எடுப்பாய்ங்க? கம்பத்துல பொறந்துட்டு இது தெரியலைன்னா எப்பிடி? 2023ல அந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடே குடுத்துட்டாய்ங்க. அதுக்கு இருக்குற மரியாதையில பாதியாவது ஒன் தலைக்கு வேணாமா? ரெண்டு கையாலயும் விளிம்பப் புடி. ஒரசாம நேரா மேல தூக்கு. ஆங், அம்புட்டுத்தான்.

ஆத்தீ! அசல் நடவு வயலேதான்!

பின்மண்டை நாத்தங்கால், முன்மண்டை வயலு. பெரியாத்துத் தண்ணி ஜூன்ல தெறந்து விட்டா இந்தப் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெலம் நடவுக்கு எறங்கும். அதுக்கெல்லாம் சேத்து வராத சத்தம், ஒன் நாலு வெரக்கடை நெலத்துக்கு வந்திருக்கு நம்ம வீட்டுல. 2,500 குத்துன்னு ஒங்கம்மா சொன்னா. குத்துக்கு ஒண்ணுலருந்து நாலு முடி வரைக்கும் இருக்குமாமே? நாங்களும் குத்துக்கு ரெண்டு மூணு நாத்துத்தான் வைப்பம். தொழிலு ஒண்ணுதான், கூலிதான் வேற. நடவுக்கு வாற பொம்பளையாளுக ஒன் டாக்டரு கூலியக் கேட்டா நாளைக்கே வேலைநிறுத்தம்.

பின்மண்டை முடிய ஏன் எடுக்குறாய்ங்கன்னு ஒன் தங்கச்சி செல்லுல படிச்சுக் காட்டுனா. அந்த முடிக்கு உதுர்ற கொணம் இல்லையாம். எடம் மாத்தி நட்டாலும் பழைய கொணத்த விடாதாம். 1939லயே ஜப்பான்ல ஒகுடான்னு ஒரு டாக்டரு முடி நட்டுப் பாத்திருக்காரு. அப்பறம் நியூயார்க்குல ஓரென்ட்ரைக்னு ஒருத்தரு 1952ல வழுக்கைக்குன்னே நட்டிருக்காரு. பொறந்த வீட்டுக் கொணம் புகுந்த வீட்டுலயும் மாறாதுங்குறத, ஒங்க அத்தையக் கட்டுன மறுநாளே நான் கண்டுபுடிச்சேன். எனக்கு எவன் பேரு குடுத்தான்?

ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்லாமக் கேக்குறேன், ஒளிக்காமச் சொல்லு. நட்டது யாரு? டாக்டரா, முடி வெட்டுற கடையில அங்கி மாட்டுனவனா? 2016ல சென்னையில டாக்டருக்குப் படிச்சுக்கிட்டிருந்த பையனே முடி நடப் போயி செத்துப்போனான். எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. 2022ல தேசிய மருத்துவ ஆணையம் வெளிப்படையா எழுதி வச்சிருச்சு: பட்டறையில வேடிக்கை பாத்ததும் யூடியூப்ல பாத்ததும் இந்த வேலைக்குப் பயிற்சி ஆகாதுன்னு. பதிவு பண்ண டாக்டராத்தான் இருக்கணும், அதுக்குண்டான படிப்பும் இருக்கணும். சரி, படிச்ச டாக்டருதான்ங்குற. அப்ப மேல பேசலாம்.

தொப்பிக்கு வருவம்.

இன்னைக்கு ஒனக்கு நாலாம் நாளு. நட்ட நாத்து வேரூன்றதுக்கு முன்ன வயலுக்குள்ள வாத்த விடுவாய்ங்களா? மொத பத்து நாளைக்கு ஒன் தலையில எதுவும் பட்டு ஒரசப்படாது. பொருக்கு தட்டி நிக்கில்ல, அதுல ஒரு நூலு மாட்டி இழுத்தாக் குத்தோட வந்துரும். அதனாலதான் டி-சர்ட்டு வேணாம், முன்னாடி பட்டன் வச்ச சட்டையாப் போடுன்னு சொல்லியிருப்பாய்ங்க. டி-சர்ட்டும் ஒரு வகையில தொப்பிதான், தலை வழியாத்தான போகுது. டாக்டரு குடுத்த தொப்பி லூசா இருக்கா? மேல இடைவெளி நிக்கிதா? அப்ப வெளிய போற நேரத்துக்கு அதப் போடு. வீட்டுல சும்மா ஒக்காந்திருக்கப்ப தெறந்தே விடு. தூங்குறப்ப ரெண்டு தலையணை வச்சு ஒசக்கப் படு. கவுந்து படுக்குற பழக்கம் ஒங்க அப்பாருகிட்டருந்து வந்தது, அத அவருகிட்டயே திருப்பிக் குடுத்துரு.

துண்டு கேக்குறியா? கொடியில தொங்குதே, அது டர்க்கி டவலு. பக்கத்துலயே போகாத. இந்தக் கூத்தப் பாரு: மொட்டைத் தலையோட டர்க்கிக்கு ஏரோப்ளான்ல போயி முடி நட்டுக்கிட்டு வாறாய்ங்களாம் ஒலகம் பூராவும். ஆனா நட்ட தலைக்கு டர்க்கி டவலு ஆகாது! தேங்காப்பூ மாதிரி நூலு நீட்டிக்கிட்டு நிக்கும், ஒவ்வொண்ணும் ஒரு தூண்டி முள்ளு.

அப்ப மாமா தலப்பா? கேப்பன்னு தெரியும். ஆசையாத்தான் இருக்கு எனக்கும், என் கையாலயே ஒனக்கு ஒண்ணு கட்டிவிட. ஆனா தலப்பான்னா என்ன? நெத்தியில வச்சு, முறுக்கி, பின்மண்டையில ஒரு இழு இழுத்துச் செருகணும். நடவு வயலும் போச்சு, நாத்தங்காலும் போச்சு. பின்னாடி எடுத்த எடமும் புண்ணுதானய்யா. ரப்பர் வச்ச கிரிக்கெட் தொப்பியும் அதே கேடுதான், கரெக்டா அந்த எடத்துலதான் கவ்வும். பொருக்கு உதுந்து, பச்சை புடிச்சு, டாக்டரு வாயால சரின்னு சொல்லட்டும். மாசம் ஒண்ணு போகட்டும். அப்பறம் மல்லுத்துணியில, வேர்வைய உறிஞ்சுறாப்புல, அழுத்தாமக் கட்டிவிடுறேன்.

மங்கி குல்லாவப் பத்திப் பேச்சே வேணாம். ஒங்கம்மா பொட்டியத் தொறந்து தேடிக்கிட்டிருக்கா, நான் பாத்தேன். அது மாட்டுறப்பவும் உரிக்கும், கழட்டுறப்பவும் உரிக்கும். மேகமலைக் குளிருக்கு வாங்குனதாம், அங்கனயே கெடக்கட்டும்.

கொங்காணி தேவலை. சிரிக்காத. மழையில ஏலத்தோட்டத்துக்குப் போற சனம் சாக்க மடிச்சுக் கூம்பாப் போடுமே, அது உச்சந்தலையத் தொடவே தொடாது. கூரை மாதிரி நிக்கும். ஒன் பக்கெட் தொப்பிய விட அறிவா யோசிச்சுச் செஞ்ச தொப்பி அது. என்ன, ஒன் கூடப் படிச்ச பயக பாத்தா மூட்டை தூக்க வந்துட்டான்னு நெனைப்பாய்ங்க. ஆமா, மூட்டைன்னதும் ஞாபகம் வருது: சும்மாடு கிம்மாடு தலையில ஏத்திராத. வீரபாண்டித் திருவிழாவுக்கு இன்னும் நாள் கெடக்கு. ஒனக்குன்னு எவளாவது ஆயிரங்கண் பானை நேந்துட்டு வந்து தலையில வைக்கச் சொன்னா, கையிலயே வாங்கிக்க.

பக்கெட் தொப்பியையும் நான் மொத்தமாக் கொறை சொல்லல. அகலமா இருக்கு, லூசா இருக்கு, பருத்தி. வெயிலுக்கு நல்லது. ரெண்டு மூணு மாசத்துக்கு அந்த எடத்துல நேரடி வெயில் ஆகாதாம், கறுத்துப் போகும். ஆனா பெங்களூர்ல தொப்பி வாங்குன நீ, நம்ம ஊர்க் காத்த மறந்துட்டியேய்யா! ஆனி போயி ஆடி வரப்போகுது. கம்பம் கணவாய் வழியாவும் போடிப் பக்கமும் மலையத் தாண்டி வாற காத்துல அம்மியே பறக்கும்னு சொல்றாய்ங்க. ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாடிய நட்டுக் கரண்டு எடுக்குறது சும்மாவா? பஸ் ஸ்டாண்டுல ஒன் தொப்பி கெளம்புச்சுன்னா வைகை டேம்லதான் போயிப் புடிக்கணும். அத வெரட்டிக்கிட்டு நீ குனிஞ்சு ஓட, ரத்தம் பூராவும் தலைக்கு எறங்க, முகம் வீங்க... வேணாம். தாடைக்குக் கீழ முடிஞ்சுக்கிற மாதிரி ரெண்டு நாடா தைக்கச் சொல்லு. அழகு பாக்காத. டைலர்கிட்ட அளவு குடுக்குறப்ப தொப்பிய மட்டும் குடு, தலையக் குடுக்காத.

வண்டிச் சாவியத் தேடாத, அது ஏங்கிட்டத்தான் இருக்கு. ஹெல்மெட்டு மாட்டாமப் போனா ஆயிரம் ரூவா அபராதம், மாட்டுனா நாத்து நசுங்கும். வண்டிச் சட்டத்துல 129ஆம் பிரிவுல ஒருத்தருக்குத்தான் விலக்கு, தலப்பா கட்டுன சீக்கியருக்கு. நட்ட தலைக்கு விலக்குன்னு ஒரு எடத்துலயும் இல்ல. போலீஸ்காரரு நிப்பாட்டி, "தம்பி, ஹெல்மெட்டு?"ன்னு கேட்டா, "நடவு சார்"னு சொல்லுவியா? மாசம் ஒண்ணுக்குக் கொறையாம பஸ்ஸுலயே போ. வண்டிய எடுக்குற நாளு வந்தா ஹெல்மெட்டு இல்லாம எடுக்காத. மயிருக்குப் பாத்து மண்டைய விட்டவன்னு பேரு வாங்கிராத. பஸ்ஸுல மேல்கம்பி இருக்கு, அதுக்கும் குனி.

சுருளிக்குக் கூப்புடுவாய்ங்க, ஆடி அமாவாசைக்கு. போ, கும்புடு, காலை மட்டும் நனை. ஒசக்கருந்து விழுகுற தண்ணிக்கு ஒன் நாத்த டாக்டரு நட்டாரா, நம்ம வயலு மேஸ்திரி மருதை நட்டாரான்னு தெரியாது. அப்பத்தா வெளக்கெண்ணெயக் காய்ச்சிக் கையில வச்சுக்கிட்டு கதவுக்குப் பின்னாடி நிக்கிது. அது பாசம், ஆனா ஓடிரு.

இன்னொண்ணு. ரெண்டு மூணு வாரத்துல இந்த முடியெல்லாம் உதுரும். அப்பத் தொப்பிய மூஞ்சி வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு அழுகாத. நட்ட நாத்து மஞ்சளடிச்சு நிக்கிறத நீ பாத்ததில்லையா? புது வெள்ளாமைக்காரன்தான் அதப் பாத்துப் பதறுவான். மேல இருக்குற தாளு போகும், வேரு உள்ளதான் கெடக்கு. மூணு நாலு மாசத்துல தலை நீட்டும், வருசம் ஒண்ணாகும் கதிர் பாக்க. தொப்பி போட்டா முடிக்கு மூச்சு முட்டும்னு எவனாவது சொல்லுவான், கேக்காத. முடி மூச்ச மேல இருந்தா இழுக்குது? ரத்தத்துலருந்து வேர் வழியா எடுத்துக்குது. அழுக்குத் தொப்பிதான் கெடுதல், அலசிப் போடு.

இம்புட்டும் வெயிலுக்கும் காத்துக்கும். நீ கேக்க வந்தது அது இல்லைன்னு எனக்குத் தெரியும். ஊர் பாத்துருமேன்னுதான ராத்திரி பஸ்ஸுல வந்த? உலை வாய மூடலாம், ஊர் வாய மூட எந்தக் கடையிலயும் தொப்பி இல்ல. ஆனாலும் ஒண்ணு சொல்றேன், நம்ம சனத்துக்குத் தொப்பின்னாப் பிரியம். 1984ல எம்.ஜி.ஆரு நியூயார்க் ஆசுபத்திரியில படுத்திருந்தாரு. ஆண்டிபட்டிக்கு வரவே இல்ல. படத்தப் பாத்தே ஓட்டப் போட்டு ஜெயிக்க வச்சாய்ங்க. அந்த வெள்ளைக் குல்லாவுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு ஆளு கேக்கல. அங்கிட்டு அப்பிடின்னா இங்கிட்டு நம்ம பண்ணைப்புரத்து ராசா. 1976ல அன்னக்கிளிக்கு மெட்டுப் போட்டப்ப இருந்த முடி, 2025 மார்ச்சுல லண்டன்ல சிம்பொனி வாசிச்சப்ப இல்ல. ஒரு சுரம் கொறஞ்சுச்சா?

என் தலப்பாவ ஏன் அப்பிடிப் பாக்குற? இதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒங்க அத்தையத் தவிர யாருக்கும் தெரியாது. கல்யாணத்துல உருமாக் கட்டுனாய்ங்க, நாப்பது வருசமா அவுக்கல. கதவச் சாத்து. இந்தா, பாத்துக்க. கண்ணு கூசுதா? சிரிச்சிராத, நீ நட்ட தலை, குலுங்கப்படாது.

போகட்டும், வேற ஒரு விசயம். நீ வாறதுக்கு முன்னாடியே ஒனக்காக ஒரு பொய் சொல்லி வச்சிட்டேன். நேத்து டீக்கடையில, "மருமகன் ஏன் தொப்பியோட வாறானாம்?"னு ஒருத்தன் ஆரம்பிச்சான். எவனோ பெங்களூர்லருந்து போட்டோ அனுப்பிட்டான் போல. நான் சட்டுனு, "அவனுக்கு ஒரு நேத்திக்கடன், அதுவரைக்கும் தலையக் காட்ட மாட்டான்"னுட்டேன். எல்லாரும் கப்புனு அடங்கிட்டாய்ங்க. ஒருத்தன் மட்டும், "எந்தச் சாமிக்கு?"ன்னான். வாயில பழனின்னு வந்துருச்சு.

அது சாயங்காலத்துக்குள்ள ஒங்கம்மா காதுக்குப் போயிருச்சு. மகன் முடி நல்லா வளரணும்னு அவளும் எந்தச் சாமிகிட்டச் சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டிருந்திருக்கா. முருகனே அண்ணன் வாயில வந்து சொல்லிட்டான்னு, மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சிட்டா. தைப்பூசத்துக்கு ஒனக்கு மொட்டை.

ஒக்காரு, ஒக்காரு, எந்திரிச்சுக் குதிக்காத, மேல பரண் இருக்கு! வேரூனிட்டா மேல செரைக்கிறதால ஒண்ணும் ஆகாதாம்யா, தங்கச்சிய விட்டே பாக்கச் சொல்லிட்டேன். புல்ல அறுத்தா வேரா சாகுது? எதுக்கும் டாக்டருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க. அதுவரைக்கும் அந்த வாளித் தொப்பிய அலசி, நாடா தச்சு, பத்திரமா வையி. சந்தனம் பூசுன தலைக்கு லூசாத்தான வேணும்?