ஆட்டைத் தேடி மந்தையை வித்தவன்

வா கண்ணு, திண்ணையில உக்காரு. அந்தக் காயிதத்த இப்படிக் கொண்டா, கண்ணாடி போட்டுப் பாக்கறேன். அட சாமீ! அரிசி, கத்திரிக்கா, முட்டை, பச்சைப்பயறு, எள்ளு... நாப்பத்திரெண்டு உனக்கு ஒத்துக்காதா? உன்ற அம்மிச்சி தீவாளிக்கு எழுதற மளிகைச் சீட்டுகூட இத்தனை நீளமில்லியே. ரத்தம் எடுத்துட்டுப் போனவன் அடுப்புக்கே தடையுத்தரவு போட்டுட்டான்.

நான் மாடு மேய்ச்சவன், எனக்கென்ன தெரியும். உன்ற மாமன் மக டாக்டருக்குப் படிக்குதில்ல, அதுகிட்டக் கேட்டேன். ரத்தத்துல ஐஜிஜிங்கற எதிர்ப்புப் புரதத்தை அளக்கற இந்தப் பரிசோதனை ஒத்துக்காததைக் காட்டாதாம். நீ எதையெதைத் தின்னு பழகியிருக்கேன்னுதான் காட்டுமாம். ஐரோப்பாவுல அலர்ஜி டாக்டருங்க 2008-லயே இதை வெச்சு முடிவு பண்ணாதீங்கன்னு எழுதி வெச்சுட்டாங்களாம். நீ என்ன தின்னேன்னு உனக்கே சொல்றதுக்கு அத்தனை ரூவா! அம்மிச்சியக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பா.

எந்த ஆடு வெள்ளாமையில வாய் வெக்குதுன்னு தெரியாட்டி என்ன பண்ணுவோம்? ஒண்ணைப் புடிச்சுக் கட்டிப்போட்டுப் பாப்போம். அப்பவும் மேய்ஞ்சிருந்தா அதை அவுத்துட்டு அடுத்ததைக் கட்டுவோம். நீ மந்தையையே சந்தையில வித்துப்போட்டு வந்து நிக்கறே. அதான் மூஞ்சி வத்திப்போன பாவக்காயாட்டம் இருக்குது.

உன்ற வவுறு ஊதறதும் கடமுடன்னு உருளறதும் எப்ப? காபி குடிச்சு ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரத்துல. எனக்குப் பால் மேலதான் சந்தேகம். பால் குடி மறந்த கன்னுக்குட்டிக்கு, பால்ல இருக்கற லாக்டோஸ்ங்கற சக்கரையச் செரிக்கிற லாக்டேஸ் நொதி கொறைஞ்சுபோகும். மனுசனும் அப்படித்தான். உலகத்துல வளந்தவங்க மூணு பேர்ல ரெண்டு பேருக்குக் கிட்ட இந்தக் கொறை உண்டாம். நீ என்னமோ உனக்கு மட்டும் அபூர்வ வியாதின்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே.

நூறு மில்லி பாலுக்கு 5 கிராம் கிட்ட லாக்டோஸ் இருக்குது. ஒரே மூச்சுல 12 கிராம் வரைக்கும் முக்காவாசிப் பேரு தாங்கிக்குவாங்க, சோத்தோட சேந்து போனா இன்னும் நல்லது. நீ வெறும் வவுத்துல லோட்டா நெறைய ஒண்ணு, ஆபீசுல நாலு. சரி, அதையாச்சும் வுடு. ஜிம்முக்குப் போயி ஒரு பவுடரைப் பால்ல கலக்கிக் குலுக்கறியே, அது என்ன? பால் திரிஞ்ச தண்ணியக் காய வெச்சதுதானே. அதுலயும் பல டப்பாவுல லாக்டோஸ் இருக்குது. அதைக் கடகடன்னு குடிச்சுப்போட்டு, அம்மிச்சி நீட்டுன மோரை ‘ஒத்துக்காதுங்க’ன்னு தள்ளுனே பாரு, அங்கதான்டா நீ படிச்சவன்னு காட்டுனே! ஒறை ஊத்துன பால்ல பாக்டீரியா லாக்டோஸ்ல ஒரு பங்கைத் தின்னு புளிப்பாக்கிப்போடும். அதுல தண்ணி விட்டுக் கடைஞ்சா மோரு. நெய்யில லாக்டோஸ் இருக்கறதே தெரியாது.

ரெண்டு வாரம் பாலையும் பவுடரையும் மட்டும் கட்டிப் போடு. தின்னதையும் வவுறு சொன்னதையும் நோட்டுல எழுது. சுகமாச்சுன்னா மூணு நாள் சித்தெ சித்தெயாக் கூட்டிப் பாரு, எந்த அளவுல முரண்டு புடிக்குதுன்னு தெரியும். நம்பாட்டி ஆஸ்பத்திரியில குழாயில ஊதச் சொல்லி ஹைட்ரஜன் அளப்பாங்க, போய் ஊது.

கோதுமை மேல சந்தேகமா? நிறுத்தறதுக்கு முந்தி டாக்டரப் பாரு. நிறுத்திப்போட்டு அவரு சொல்ற சோதனைக்கு ரத்தம் குடுத்தா, திருடனை பஸ் ஏத்திவுட்டுட்டு அடையாளம் காட்டப் போன கதைதான். தின்னதும் உதடு வீங்கி மூச்சு இழுத்தா இந்தக் கெழவன் பேச்செல்லாம் வேண்டாம், வண்டியேறி ஆஸ்பத்திரிக்கு ஓடு. வவுத்துப்போக்குல ரத்தம், எடை கொறையறதுன்னாலும் நோட்டு வேண்டாம், டாக்டர்தான்.

பாவம், எல்லாப் பழியும் பாலுக்கே போகக்கூடாது. ராத்திரி பதினொரு மணிக்குப் பிரியாணி வருதாமே உனக்கு? ஒரு கையில போனு, ஒரு கையில எலும்பு. மென்னது பாதி, முழுங்குனது பாதி, அடுத்த நிமிசம் கட்டில். மாடு படுத்தாலும் அசை போடுது, நீ அதுகூடப் பண்றதில்ல. பொழுதோட தின்னு, களத்து மேட்டை நாலு சுத்து சுத்திட்டு வா. வள்ளுவர் மருந்துன்னு பேரு வெச்சு 95-ஆவது அதிகாரம் எழுதுனாரு. அதுல ஒரு மூலிகை பேரு இல்ல, சாப்பாடுதான் பெரும்பாகம். அவருக்கு யாரும் சீட்டு நீட்டலை போல.

அது சரி, பைக்குள்ள என்ன டப்பா? பால்கோவாவா? பாலைச் சுண்ட வெச்சு லாக்டோஸையெல்லாம் ஒண்ணாக் கட்டுன மூட்டையாச்சே கண்ணு! இங்க வெச்சுட்டுப் போ, உன்ற நல்லதுக்குத்தான். அம்மிச்சி கேட்டா டப்பாவே வரலைன்னு சொல்லு. எனக்குச் சக்கரை இருக்குதுன்னு அவ வேற ஒரு சீட்டு வெச்சிருக்கறா.