வெள்ளிக் கம்பியும் பொற்செவியும்

ஸ்பீக்கர் கேபிள் என்பது, ஆம்ப்ளிஃபயர் பெருக்கித் தரும் மின்னோட்டத்தை ஸ்பீக்கர் பெட்டிக்குக் கொண்டுசேர்க்கும் இரட்டைக் கம்பி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அக்கம்பி சேர்ப்பதோடு நிற்கிறதா, வழியில் இசைக்கு மெருகும் ஏற்றுகிறதா என்பதில்தான் வழக்கு. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் நோயல் லீ என்பவர் மான்ஸ்டர் கேபிள் என்ற பெயரில் தடித்த கம்பியை விற்கத் தொடங்கும்வரை, பெரும்பாலான வீடுகளில் மேசை விளக்குக்குப் போடும் வயரே இசையையும் சுமந்தது என்பது இவ்வழக்கின் முன்கதை. கீழ்வரும் உரையாடலில் ஒரு தரப்புக்காகப் பேசுபவர் பொற்செவியார். பிறர் கேளாததைக் கேட்போருக்கு ஒலிக்கருவி உலகம் சூட்டிய பட்டம் அது. மறுதரப்பு, மல்டிமீட்டரைச் சட்டைப் பையிலிருந்து இறக்காத அளவையார்.

பொற்செவியார்: செம்புக் கேபிளைக் கழற்றி வெள்ளிக் கேபிளை மாட்டிய கணமே, பாடகியின் குரலுக்கும் தம்புராவுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி விழுந்ததையும், மிருதங்கத்தின் தொப்பி கட்டுக்குள் வந்ததையும் இச்செவிகள் கேட்டன, ஐயா.

அளவையார்: செம்பைவிட வெள்ளி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பது மெய்தான், ஆனால் அந்த மேன்மை ஏறத்தாழ 6 விழுக்காடு என்பதால், செம்புக் கம்பியை அதே விகிதத்தில் சற்றுத் தடிப்பாக்கினால் வெள்ளியின் வேலையைச் செம்பே செய்துவிடும். தாங்கள் கொடுத்த விலையில் அந்தத் தடிப்பைத் தெருக்கோடி வரை இழுத்திருக்கலாம்.

பொற்செவியார்: விழுக்காடு இசை கேட்பதில்லை.

அளவையார்: அளவில் அடங்காத மாற்றம் காதில் விழும் என்றால், அது எவ்வழியே விழுந்தது என்பதைத் தாங்களே விளக்கலாமே. 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்புக் கேபிள் 5 மீட்டர் ஓடினால், போகவும் வரவுமாக 10 மீட்டருக்கு அதன் மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஏறத்தாழ 0.07 ஓம், 8 ஓம் ஸ்பீக்கரின் முன் இதனால் குறையும் ஒலி ஒரு டெசிபலில் பத்திலொரு பங்கைக்கூட எட்டாது. அதே தொலைவுக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரைப் போட்டிருந்தால் நிலைமை வேறு. ஸ்பீக்கரின் மின்னெதிர்ப்பு ஒவ்வொரு சுருதிக்கும் ஏறி இறங்குவதால், அது 4 ஓமாக இறங்கும் இடத்தில் முக்கால் டெசிபலும், 20 ஓமாக ஏறும் இடத்தில் அதில் ஒரு சிறு பங்கும் குறைந்து, ஒலியின் நிறம் உண்மையிலேயே மாறக்கூடும்.

பொற்செவியார்: ஆக, கேபிளால் ஒலி மாறும் என்று ஒப்புக்கொண்டாயிற்று!

அளவையார்: மெல்லிய வயரைத் தடித்த வயராக்கினால் மாறும் என்றுதான் ஒப்புக்கொண்டது. அத்தகைய வயர் எந்த மின்சாமான் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். வெல்வெட் பெட்டியில் வைத்து மட்டும் தரமாட்டார்கள்.

(அளவையாரின் கணக்கில் பிழையில்லை. ஆனால் இத்தனை நேரமும் அறையில் ஒலித்துக்கொண்டிருந்தது கல்யாணியா காம்போதியா என்று கேட்டிருந்தால், மல்டிமீட்டரைத்தான் அவர் பார்த்திருப்பார் என்பதையும் பதிவு செய்வது நேர்மை.)

பொற்செவியார்: இக்கேபிளின் உறைமேல் அம்புக்குறி இருப்பதையும் தாங்கள் கவனிக்கவில்லை. மின்னோட்டம் அம்பின் திசையில் சென்றால்தான் இசை மலரும். அதுவும் 200 மணி நேரம் பாய்ந்து கம்பி பழகிய பிறகுதான்.

அளவையார்: இசையைச் சுமக்கும் மின்னோட்டம் மாறுதிசை மின்னோட்டம், நொடிக்கு 20 முதல் 20,000 முறை வரை முன்னும் பின்னும் அலைவது. பாதி நேரம் அது அம்பை மீறித்தான் ஆக வேண்டும். 200 மணி நேரத்தில் எது பழகுகிறது என்பதற்கும் விடை அருகிலேயே இருக்கிறது. அது கம்பியாக இருக்கத் தேவையில்லை.

பொற்செவியார்: அறிவியல் இன்னும் எட்டாத நுட்பங்களுக்குச் செவியே பிரமாணம்.

அளவையார்: அந்தப் பிரமாணத்தையே கொண்டு தீர்த்துவிடலாம். எந்தக் கேபிள் இணைந்திருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியாமல், மாற்றுபவருக்கும் தெரியாமல் நடத்துவது இருபுற மறைவுச் சோதனை. இரண்டின் ஒலியளவையும் முன்கூட்டிச் சமப்படுத்த வேண்டும், ஏனெனில் துளி உரக்க ஒலிப்பது மேலானதாகத் தோன்றுவது மனித இயல்பு. 2007இல் அமெரிக்க மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து செவியால் மட்டும் பிரித்தறிபவருக்குத் தமது அறக்கட்டளையின் பத்து லட்சம் டாலர் பரிசைத் தருவதாக அறிவித்தார். தயாரித்தவர் விலகிக்கொண்டதால் அந்தச் சோதனை நடக்கவேயில்லை.

பொற்செவியார்: சோதனைக்கு இச்செவிகள் அஞ்சுவதில்லை. ஆயினும் கேபிளை மாற்றித் தரும் சுவிட்ச் இசையைக் கெடுக்கும். பகலில் மின்சாரம் தூய்மையாக இராது. பரிசோதிக்கப்படுகிறோம் என்ற பதற்றம் கேள்வியை மழுங்கச் செய்யும். மேலும் கேபிள்கள் கண்ணில் படும்படி இருத்தல் வேண்டும்.

அளவையார்: செவியே பிரமாணம் என்று சற்றுமுன் கேட்டதாக நினைவு.

பொற்செவியார்: கண் திறந்திருந்தால்தான் செவி நிம்மதியாகக் கேட்கும்.

(இந்த ஒரு வாக்கியத்துக்காகவே பொற்செவியாருக்கு நன்றி சொல்ல வேண்டும். கேபிள் வணிகம் இதைவிடத் துல்லியமாகத் தன்னை விளக்கிக்கொண்டதில்லை.)

அளவையார்: அப்படியே ஆகட்டும். வெள்ளிக் கேபிள் பெட்டியின் வாயிலோடு முடிந்துவிடுகிறது. உள்ளே, கூம்பை அசைக்கும் குரல் சுருள் எனப்படுவது நெருக்கமாகச் சுற்றிய மெல்லிய கம்பி. 8 ஓம் ஸ்பீக்கரில் அதன் மின்தடை மட்டுமே ஏறத்தாழ 6 ஓம். தங்கள் கேபிளின் தடையைப்போல் அது எத்தனை மடங்கு என்பதைக் கணக்கிட்டால்...

பொற்செவியார்: கணக்கு வேண்டாம், பெட்டியைத் திறந்து அச்சுருளையும் வெள்ளியாக்கித் தருவோர் உண்டா?

அளவையார்: சுருளோடு நிறுத்துவானேன்? சுவருக்குள் ஓடும் வயர் உண்டு, தெருவில் மின்மாற்றி உண்டு. அடுத்து, தூய மின்சாரத்துக்காகத் தமக்கென்று தனி மின்கம்பமும் நட்டுக்கொள்ள வேண்டியதுதான்!

பொற்செவியார்: ஏளனம் எதற்கு? ஜப்பானில் ஒலி ஆர்வலர்கள் சிலர் தம் வீட்டு இசைக்காகவே தனி மின்கம்பம் நட்டுக்கொண்டதைச் செய்தித்தாளே எழுதியிருக்கிறது.

அளவையார் இணையத்தில் தேடிப் பார்த்தார்; செய்தி உண்மையாகவே இருந்தது. அவர் மல்டிமீட்டரை மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கையில், கம்பம் மரத்தில் அமைந்தால் வீணைக்கு உகந்ததா, கான்கிரீட்டில் அமைந்தால் தவிலுக்கு உகந்ததா என்று பொற்செவியார் விசாரித்துக்கொண்டிருந்தார்.