ஞாயிற்றுப் பட்டம்

ஆடிப்பட்டம் தேடி விதைத்த தாத்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றொரு பட்டம் இருப்பது தெரியாது. எங்கள் கோயம்புத்தூர் மொட்டைமாடியில் அதுதான் சாகுபடிக் காலம். சித்திரை வெயிலில் நாட்டு அவரை ஊன்றினேன். கொடி தண்ணீர்த் தொட்டிவரை ஏறியது, பூவைக் காணோம். பகல்பொழுது குறுகினால்தான் பூக்குமாம். என் லீவு நாள் அதற்கு எப்படித் தெரியும்?

மண்ணுக்குச் சத்தேற்ற, மக்காத சாணியை அப்படியே தொட்டியில் கொட்டினேன். சூடு தாங்காமல் கத்தரி நாற்று கருகிவிட்டது (சாணி மேல் தப்பில்லை, அவசரம் எனக்கு). பக்கத்து வீட்டு அக்கா செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து ஆடியில் விதைத்தவர். தையில் ஒரு பை அவரைக்காய் கொடுத்தார். பையை வெறுமனேவா திருப்பித் தருவது? கத்தரிக்காய் போட்டு, “நம்ம தோட்டத்து முதல் பறிப்பு” என்றேன்.

விலைச்சீட்டைக் கிழிக்கத்தான் மறந்துவிட்டேன்.