பட்டு அறியக் கூடாத பட்டறிவு

தமிழில் அனுபவத்துக்குப் பட்டறிவு என்றொரு பெயர் உண்டு. பட்டுத் தெரிந்துகொள்வது. பெரும்பாலான தொழில்களுக்கு இந்தச் சொல் பொருந்தத்தான் செய்கிறது. தச்சு பழகுகிறவன் ஆணிக்குப் போட வேண்டிய அடியை நாலைந்து முறை தன் கட்டைவிரலுக்குப் போட்டுக்கொள்கிறான். விரல் வீங்கி வற்றுவதற்குள் சுத்தியல் பழகிவிடுகிறது. சமையல் பழகுகிறவர் கைதவறி உப்பை அள்ளிப் போட்ட சாம்பாரை வீட்டில் யாராவது ஒரு புண்ணியவான் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டுவிடுகிறார். எலக்ட்ரீஷியன் தொழிலுக்குத்தான் இந்த அகராதி ஒத்துவராது. கூடத்தில் எரிகிற 9 வாட் எல்ஈடி பல்பு இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர். பிடித்த கம்பியை விடவும் முடியாமல் கை இறுகிப்போவதற்கு அதில் பாதிகூட வேண்டாம். முதல் பாடமே கடைசிப் பாடமாகிவிடக்கூடிய இந்தத் தொழிலில் பட்டறிவை எங்கே போய் வாங்குவது? ஒரே ஒரு கடைதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஏற்கெனவே பட்டு, பட்ட பிறகும் பிழைத்துக் கிடக்கிற ஒருவர் பக்கத்தில் வருடக்கணக்கில் நிற்க வேண்டும். படுவது அவர், அறிவது நாம். இந்த ஏற்பாட்டைத்தான் ஊரில் அப்ரெண்டிஸ் என்கிறார்கள்; அரசாங்கத் தமிழில் தொழிற்பழகுநர் பயிற்சி.

அங்கே மின்சாரம் சொல்லித்தருவார்கள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மின்சாரத்தை ஐடிஐயிலேயே இரண்டு வருடம் சொல்லித்தந்துவிடுகிறார்கள்: ஓம் விதி, மூன்று ஃபேஸ், எர்த் குழிக்குக் கரியும் உப்பும். வேலையில் சொல்லித்தரப்படுவது சந்தேகம். நம் ஊர்க் குருகுல மரபுக்கு இது நேர் எதிர். அங்கே குரு சொன்னால் நம்ப வேண்டும். இங்கே குருவே சொன்னாலும் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த மாதம், அந்த டெஸ்டரையும் நம்பக் கூடாது என்று தெரியவரும். ஏனென்றால் அதற்குள் இருக்கும் சின்ன நியான் விளக்கு எரிவதே, பிடித்திருப்பவரின் உடம்பு வழியாக இம்மியளவு மின்சாரம் தரைக்கு இறங்குவதால்தான். மர ஸ்டூலின் மேல் நின்றுகொண்டு வைத்தால் அது மங்கிப்போகும். பட்டப்பகலில் வாசல் வெளிச்சத்தில் எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நியூட்ரல் எங்காவது அறுந்திருந்தாலோ பிளக்கின் இரண்டு துளைகளிலும் எரிந்து, இந்த வீட்டுக்கு மட்டும் மின்வாரியம் இரண்டு ஃபேஸ் கொடுத்திருக்கிறதோ என்று பையனைத் திகைக்க வைக்கும். ஆகவே முதலில் மின்சாரம் நிச்சயமாக இருக்கிற இடத்தில் டெஸ்டரை வைத்து, டெஸ்டர் உயிரோடிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் சந்தேகமான இடத்துக்குப் போக வேண்டும். வயரின் நிறமும் அப்படித்தான். சிவப்பு என்றால் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்று புத்தகம் சொல்கிறது. வீடு கட்டியவரோ, மாடியில் போட்டு மிஞ்சிய பச்சைச் சுருள் வீணாகிறதே என்று அதிலேயே சமையலறை முழுவதையும் முடித்திருப்பார். சிக்கனத்தை யாரும் குறைசொல்ல முடியாது. பச்சை வயரைத்தான் நம்ப முடியாது. முன்பு வந்த யாரோ சுவிட்சை ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் மாட்டிவிட்டுப் போயிருப்பார். பல்பு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும், அணைந்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்காரர் சொல்கிற ஒரு வாக்கியம் இருக்கிறது: “மெயினை அணைச்சாச்சு தம்பி, தைரியமா கை வைங்க.” அவர் பொய் சொல்லவில்லை. மெயினை அணைத்துத்தான் இருக்கிறார். மெயின் அணைந்ததும் விசுவாசமாக வேலையைத் தொடங்குகிற இன்வெர்ட்டர் ஒன்று மாடிப்படிக்கு அடியில் இருப்பதுதான் அவர் நினைவில் இல்லை.

இதற்கெல்லாம் வருடக்கணக்கில் ஒருவர் பின்னால் சுற்ற வேண்டுமா, யூடியூபில் எல்லாம் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிடைக்கிறது. ஆனால் அந்த வீடியோக்களில் வருகிற பலகை புதுப் பலகை. வயர்கள் தத்தம் நிறத்தில் வருகின்றன, திருகுகள் துருப்பிடிக்காமல் திரும்புகின்றன, பின்னணியில் புல்லாங்குழல் ஒலிக்கிறது. நம் வீடுகளில் உள்ள பலகை வேறு வர்க்கம். அதில் பிளக் இல்லாத வயர் ஒன்றை நேராகத் துளையில் நுழைத்து, நழுவாமலிருக்கத் தீக்குச்சி செருகியிருக்கும். நெருப்பு பற்றக்கூடிய இடத்தில் தீக்குச்சியை வைக்கலாம் என்று எந்தப் பாடத்திட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் தமிழ்நாடு முழுவதும் இந்தத் தொழில்நுட்பம் பரவியிருக்கிறது. வீடியோவின் பெரிய குறை இதுகூட இல்லை. கருகிய பேக்கலைட்டின் வாசனையை அது காட்டாது. நம் கை தவறான கம்பியை நோக்கிப் போகும்போது அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், “எடுறா கையை!” என்று கத்தாது. அந்தக் கத்தலுக்காகத்தான் பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்கிறேன்.

கொஞ்சம் கனமான ஆட்சேபம் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது. 1937இல் அங்கே மின்மோட்டார் உருவாக்கிக் காட்டியவர்களில் ஒருவரான ஜி.டி. நாயுடு, பொறியியலை நான்கு வருடம் படிப்பது நேர விரயம், இரண்டு வருடம் தாராளம் என்று வாதாடியவர். அரசாங்கம் ஏற்கவில்லை. நான் நாயுடு பக்கம்தான். நான்கு வருடப் படிப்பை இரண்டாகச் சுருக்க முடியும் என்பதை, பரீட்சைக்கு முந்தின வாரம் அதை ஏழு நாளாகச் சுருக்கிக்காட்டும் மாணவர்கள் வருடந்தோறும் நிரூபிக்கிறார்கள். ஆனால் சுருங்குவது பாடம். முன்னால் வந்த எலக்ட்ரீஷியன்கள் செய்துவிட்டுப் போன தவறுகளைச் சுருக்க முடியாது. அவை வீட்டுக்கு வீடு வேறு. இரண்டு வருட ஐடிஐக்குப் பிறகு இன்னும் ஒரு வருடம் பழகுநராக இரு என்று சொல்வதும், மின்கம்பியாள் உதவியாளர் தேர்வெழுத ஐந்து வருட அனுபவம் கேட்பதும், பையனுக்கு மூளை மெதுவாக வேலை செய்யும் என்பதற்காக அல்ல. மழை ஒழுகி ஈரச்சுவரில் ஷாக் அடிக்கிற வீட்டைக் காட்ட ஒரு ஐப்பசியாவது வந்தாக வேண்டும். அதை முன்கூட்டி வரவழைக்க எந்த வாரியத்துக்கும் அதிகாரமில்லை. மின்சாரத்தை உற்பத்தி செய்யும் வழியை 1831இல் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடேகூட ஏழு வருடம் அப்ரெண்டிஸாக இருந்தவர்தான் என்று இந்த இடத்தில் சொல்ல ஆசையாக இருக்கிறது. அவர் பழகியது புத்தகம் பைண்டு செய்கிற கடையில் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இனி வருவது பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம். பழகுநர் என்ற பெயரில் மலிவாக ஆள் பிடிக்கிறார்கள், ஆளுக்குரிய வேலையை வாங்கிக்கொண்டு உதவித்தொகை கொடுத்து அனுப்புகிறார்கள் என்பது. இதை மறுக்க நான் தயாரில்லை. 1961ஆம் வருடத்துப் பழகுநர் சட்டமே பழகுநரைத் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர் என்கிறது. தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தாது. அதே சட்டம், பயிற்சியின்போது அவருக்குக் காயம் பட்டால் தொழிலாளிக்குரிய இழப்பீட்டைக் கொடு என்றும் சொல்கிறது. கூலி கேட்கும்போது மாணவன், ஷாக் அடித்தால் தொழிலாளி. 2019இல் திருத்திய விதிகள் படிப்புக்குத் தக்கபடி குறைந்தது 5,000 முதல் 9,000 ரூபாய் வரை மாத உதவித்தொகை என்றன. அந்தப் பணத்தில் ஒரு நல்ல மல்டிமீட்டரும் ரப்பர் கையுறையும் வாங்கிவிட்டு மிச்ச நாளை ஓட்டுவது எப்படி என்பதைக் கற்றுத்தரத் தனியாக ஒரு மாஸ்டர் வேண்டும். ஆனாலும் இது பணத்தைக் கூட்டிக்கொடுப்பதற்கான வாதமே தவிர, பழகுவதை நிறுத்துவதற்கான வாதம் அல்ல. நன்கொடை அதிகம் என்பதற்காக யாரும் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று சொல்வதில்லையே.

பையனை டீ வாங்க அனுப்புகிறார்கள் என்ற புகாரில் மட்டும் நான் புகார்க்காரர்களையும் மிஞ்சி நிற்கிறேன். அவர்கள் அதைத் தன்மானப் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. பழைய மாஸ்டர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மெயினை அணைப்பதோடு நிற்காமல் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஸ்டூலில் ஏறுவார்கள். சட்டைப்பை கனமாக இருக்கிறவரை யாரும் கீழேயிருந்து மின்சாரம் விட முடியாது. இந்த வழக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. எப்போதோ யாரோ பட்டு, அவரிடமிருந்து கைமாறி வந்திருக்க வேண்டும். இப்போது வீடுகளில் எம்சிபி வந்துவிட்டது. பிடுங்குவதற்கு ஒன்றுமில்லை; எட்டு வயதுக் குழந்தைகூட விரல் நுனியால் மேலே தட்டிவிடலாம். பூட்டுப் போட வசதி உண்டு, பூட்டு கொண்டுவருகிறவர்தான் இல்லை. ஆகவே இன்றைக்குப் பீஸ் கட்டையின் இடத்தில் இருப்பது அந்தப் பையன்தான். மெயின் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “சீரியல் ஆரம்பிச்சிடும்பா, ஒரு நிமிஷம் போடட்டுமா?” என்று வருகிற பாட்டியிடம் முடியாது என்று சொல்ல வேண்டியவன். அவனைப் பார்த்து, “டேய், போய் ரெண்டு டீ சொல்லிட்டு வாடா” என்று மேலேயிருந்து குரல் கொடுக்கிற மாஸ்டர், ஒரு கையில் கட்டிங் பிளேயரும் மறு கையில் ஃபேஸுமாக நின்றுகொண்டிருக்கிறார்.