கூடம் கோணல்தான்!

“இது ஹை டெசர்ட், பாத்துக்கங்க.”

எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன எங்கள் கான்ட்ராக்டர் பத்தே முக்காலுக்கு வண்டியை விட்டு இறங்கியதும் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். காலை வணக்கம், மன்னிப்பு, காரணம் மூன்றும் இதற்குள்ளேயே அடக்கம். ராத்திரி உறைபனி விழுந்துவிட்டதாம். ஏணிப்படி வழுக்குமாம். வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தாராம். அப்போது ஜூன் மாதம். யாரிடம் காது குத்துகிறார் என்று விசாரித்துப் பார்த்தால், சொன்னது உண்மை. ஓரிகன் மாநிலத்து பெண்ட் நகரம் சுமார் 3,600 அடி உயரத்தில் இருக்கிறது. மேற்கே கேஸ்கேட் மலைகள் மழை மேகத்தையெல்லாம் பிழிந்துகொண்டு காய்ந்த காற்றை மட்டும் இந்தப் பக்கம் அனுப்புகின்றன. வருஷத்துக்கு மழை 11, 12 அங்குலம். மேட்டுநிலப் பாலைவனம்தான். ஜூனிலும் இங்கே உறைபனி விழும்.

எங்கள் கட்டடம் சின்னது. கீழே பல் மருத்துவர், மேலே ஒரு வரிக் கணக்காளரும் என் அலுவலகமும். வெளிச்சுவரில் இருந்த பழைய மரப்பலகை வெயிலில் சாம்பல் பூத்து, மரங்கொத்தி போட்ட ஓட்டைகளோடு புல்லாங்குழல் மாதிரி நின்றது. அதைப் பிரித்துவிட்டு ஃபைபர் சிமென்ட் சைடிங் போட மார்ச்சில் ஒப்பந்தம். ஜூன் கடைசிக்குள் முடித்துத் தருவதாகக் கைகொடுத்தார். கை இரும்பு மாதிரி இருந்தது, நம்பிவிட்டேன். என் பெயரில் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அன்றைக்கே கழித்துவிட்டார். எஸ்டிமேட்டில்தான் எதையும் கழிக்கவில்லை.

அவரிடம் ஒரு நாய் உண்டு, ஆறாத காபி உண்டு, காதில் செருகிய பென்சில் உண்டு. அதெல்லாம் எல்லா கான்ட்ராக்டரிடமும் இருப்பதுதான். இவருடைய தனிச் சொத்து அந்த ஒரு வாக்கியம்.

“விலை குறைவாச்சே, வினைல் போட்டுடலாமா?” என்று தெரியாத்தனமாக ஒருநாள் கேட்டுவிட்டேன். கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். காபியைக் கீழே வைத்தால் அரை மணி நேரம் என்று அர்த்தம்.

“இது ஹை டெசர்ட். மத்தியானம் 85 டிகிரி ஃபாரன்ஹீட், விடிகாலைல 45. பனிக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவுல 12 அடி வினைல் பலகை அரை அங்குலத்துக்கு மேலயே நீளும், சுருங்கும். ஆணியை இறுக்கி அடிச்சா அலை அலையா எழும்பிடும். தொங்க விடணுங்க, அறையக் கூடாது.”

“அப்ப தகடு?”

“தகடா? ஹை டெசர்ட்லயா? சூரியன் பட்டதும் டிக் டிக்னு பேச ஆரம்பிச்சிடும். தட்டைத் தகடுன்னா வயிறு வேற உப்பும். வசந்தம் வந்தா ஃப்ளிக்கர் மரங்கொத்தி தகரமாத் தேடி வந்து கொட்டடிச்சு ஜோடியைக் கூப்பிடும். அதை ஒண்ணும் பண்ண முடியாது. 1918ஆம் வருஷத்துச் சட்டம். தொட்டா குத்தம்.”

அதுவும் உண்மை. அமெரிக்காவின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் 1918இல் வந்ததுதான். நூறு வருஷத்துக்கு முந்திய பறவைச் சட்டம் மனிதருக்குத் தலைகீழ்ப் பாடம். மார்ச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்ட தேதிதான் நினைவில் நிற்பதில்லை.

ஜூலையில் காற்று. பலகையை அறுத்தால் சிலிக்கா தூசி பறக்கும், நுரையீரலுக்கு ஆகாது, காற்று திரும்பும்வரை அறுக்க முடியாது. உண்மை. ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை. காற்றுத்தரக் குறியீடு 101ஐத் தொட்டால் வெளியில் வேலை செய்பவர்களுக்கு முகமூடி தர வேண்டும் என்று 2022 முதல் ஓரிகனில் விதி. உண்மை. முகமூடி கொடுத்து வேலை வாங்கு என்பது விதி. மூட்டையைக் கட்டு என்று இவர் படித்துக்கொண்டார். அக்டோபரில் குளிர். இடுக்கில் பூசும் பசைக்கு 40 டிகிரியாவது வேண்டும், காலையில் அது கிடைக்காது. இதுவும் உண்மை. அந்த 40 டிகிரி பகல் பதினொன்றுக்கு வந்துவிடுகிறது, இவர்தான் வருவதில்லை.

தெற்குச் சுவருக்கு இன்னொரு பூச்சு வேண்டும் என்று தனியாக ஒரு பில் வந்தது. ஏன் என்று கேட்பதற்குள் பதில் வந்துவிட்டது. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுமாம். சரிதான். ஆனால் பில் 10 சதவீதத்தோடு நிற்கவில்லை. பில் இன்னும் உயரமான மலையில் இருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த மனிதர் விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், கூடம் நிஜமாகவே கோணல். இவருக்கு ஆடவும் தெரியும். ஆட வரத்தான் மாட்டேன் என்கிறார். பொய் சொல்கிறவரோடு சண்டை போடலாம், கையும் களவுமாகப் பிடிக்கலாம். வாயைத் திறந்தால் உண்மை மட்டுமே பேசி வேலையை இழுத்தடிப்பவரை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? ஒவ்வொரு தடவையும் அவரைத் திட்டப் போய், புவியியல் பாடம் கேட்டுத் திரும்பியிருக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லாவிட்டால் நாக்கு அழுகிவிடும். பழைய பலகையைப் பிரித்த அன்று ஜன்னல் தலைக்கு மேலே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முன்பு வேலை செய்தவர் அங்கே மழைநீரைத் தள்ளிவிடும் தகடே வைக்கவில்லை. உள்ளே ஒட்டுப்பலகை ஊறிப்போய் விரலால் தொட்டால் புட்டு மாதிரி உதிர்ந்தது. புதுப்பலகை வைத்து, தகடு மடித்துச் செருகினார். அதற்குக் காசு கேட்கவில்லை. இன்னொரு நாள், வேலையாட்கள் போன பிறகு, தரையில் குந்தி உட்கார்ந்து அறுத்த பலகைகளின் முனைக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரைமர் தடவிக்கொண்டிருந்தார். சுவரில் ஏறிவிட்டால் அந்த முனைகளை யாரும் பார்க்கப்போவதில்லை. தாத்தா மர ஆலையில் வேலை பார்த்தவர் என்று சொன்னதும் அன்றைக்குத்தான். 1916இல் டெஷூட்ஸ் ஆற்றின் இரண்டு கரையிலும் எதிரெதிரே இரண்டு பெரிய ஆலைகள் அறுக்கத் தொடங்கி உருவாக்கிய ஊர் இது. இப்போது அந்த இடத்தில் மூன்று புகைபோக்கிகளும் சுற்றிலும் கடைகளும்தான். “தாத்தா மரம் அறுத்தார், நான் மண்ணும் சிமென்ட்டும் அறுக்கிறேன்” என்று சிரித்தார். எனக்கு மனசு இளகிவிட்டது. அந்த இளக்கத்தில்தான் மூன்றாவது தவணைக் காசோலையையும் எழுதினேன்.

அடுத்த இரண்டு வாரம் ஆளைக் காணோம். அந்த இரண்டு வாரமும் வானம் நீலம். காற்றில்லை, புகையில்லை, மத்தியானம் 70 டிகிரி. நான்கு தெரு தள்ளி ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் முன்னால் அவருடைய வண்டி நின்றது. நாயும் இருந்தது. என்னைப் பார்த்து வாலாட்டியது, பாவம், அதற்குக் கணக்கு வழக்கு தெரியாது.

இனிச் சிரிப்பதற்கில்லை. இருபது வருஷமாக இந்த ஊரில் சுவருக்குப் பலகை அடிக்கிறவர் இவர். பாலைவனம் நேற்று ராத்திரி வந்து இறங்கவில்லை. ஆகஸ்டில் புகை வரும், அக்டோபரில் குளிரும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தால் அதை வைத்துத் தேதி குறிக்க வேண்டும். இவரைப் போன்றவர்கள் என்ன செய்கிறார்கள்? வேலை ஓடும் மாதங்கள் கொஞ்சம் என்பதால் கிடைத்த கட்டடத்தையெல்லாம் ஒப்புக்கொண்டு, எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். பிரித்த சுவர் அடகு வைத்த நகை மாதிரி. சொந்தக்காரர் எங்கேயும் போக முடியாது. வேறொருவரைக் கூப்பிட்டால் அவர் வந்து பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டி, “இது ஹை டெசர்ட், பாத்துக்கங்க” என்று ஆரம்பிப்பார்.

ஆகவே இந்த ஊரில் கடையோ அலுவலகமோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உறைபனி, புகை, காற்று, வெயில், மரங்கொத்தி எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். அத்தனையும் சேர்த்து எண்ணித்தான் இந்தத் தேதி என்று அடியில் கையெழுத்து வாங்குங்கள். ஒரு சுவரை மூடாமல் அடுத்த சுவரைப் பிரிக்க விடாதீர்கள். காசை மூடிய சுவருக்கு மட்டும் கொடுங்கள்.

எங்கள் பின்சுவரில் 14 அடி இன்னும் பலகைக்கு அடியில் போடும் வெள்ளைத் தாளோடு மட்டும் நிற்கிறது. காற்றடித்தால் அது படபடக்க, கீழே நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள் திடுக்கிடுகிறார்கள். 120 நாளுக்குள் அந்தத் தாளைப் பலகையால் மூடிவிட வேண்டும், அதற்குமேல் வெயில் அதைத் தின்றுவிடும் என்று சொன்னவரும் அவர்தான். உண்மை. தாளை ஜூன் 5 அன்று அடித்தார். இன்று நவம்பர் 15. 163 நாள் ஆகிறது.