கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க

எழும்பூரில் ரயில் கிளம்பும்போது, மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் இருக்கை முன்னால் வந்து நின்று, "சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்பார் நம்முடைய அட்ஜஸ்ட்காரர். சொல்லி முடிப்பதற்குள் பாதி உட்கார்ந்தும் விடுவார். முதலில் நுனியில் ஒரு தொடை மட்டும். விழுப்புரத்துக்குள் முதுகு சாய்ந்துவிடும். திருச்சி வரும்போது, ஓரத்தில் இருந்த உரிமைக்காரர் நுனிக்குப் போயிருப்பார். பெர்த்தில் படுக்கும் நேரம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை என்று 2017-இல் ரயில்வே வாரியம் சுற்றறிக்கை விட்டது இவருக்கு நன்றாகவே தெரியும். தனக்கு மேல் பெர்த் என்றால், கீழ் பெர்த்காரர் ஒன்பது மணிக்குக் கொட்டாவி விடும்போது அந்த விதியைச் சொல்லி உட்கார்ந்தே இருப்பார். நடு பெர்த் என்றால் எட்டு மணிக்கே அதைத் தூக்கிச் சங்கிலியில் மாட்டிவிட்டு, கீழே கழுத்தை மடக்கிக்கொண்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பவரிடம் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்வார்.

ஆங்கிலேயர் டையையும் கடிகாரத்தையும் அட்ஜஸ்ட் செய்வார்கள். புது ஊருக்குப் போனால் அதற்குத் தக்கபடி தாங்களே மாறுவதையும் அப்படிச் சொல்வார்கள். நாமும் பொருள்களிடம் ஒழுங்காகத்தான் நடக்கிறோம்: "சைடு மிர்ரரை அட்ஜஸ்ட் பண்ணு." மனிதர்களிடம் வந்ததும் 'பண்ணு', 'பண்ணிக்கோ' ஆகிவிடுகிறது. சூட்சுமம் முழுக்க அந்தக் 'கொள்' என்ற துணைவினையில் இருக்கிறது. எடுத்துக்கொள், எழுதிக்கொள் என்றால் காரியத்தின் பலன் செய்கிறவருக்கே. அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்கிறவருக்கு என்ன பலன்? ஆறு அங்குலம் இடம் போனதுதான். தனக்கு வேண்டியதை, நமக்கு நாமே செய்துகொள்ளும் நன்மைபோலக் கேட்பதற்கு அட்ஜஸ்ட்காரர் தமிழ் இலக்கணத்தையே ஆளாக வைத்திருக்கிறார். போதாததற்கு, முன்னால் ஒரு 'கொஞ்சம்'. தண்ணீர் ஒருவேளைதான் வரும் என்கிற வீட்டுக்காரரும், இரண்டு ரூபாய் சில்லறைக்கு உருகிப்போன இரண்டு மிட்டாயை நீட்டும் கடைக்காரரும் அந்தக் 'கொஞ்ச'த்தை விடுவதில்லை. அதே மிட்டாயை மறுநாள் அவரிடமே இரண்டு ரூபாயாக நீட்டிப் பாருங்கள்; இலக்கணம் மாறிவிடும்.

"இவ்வளவு ஜனம் உள்ள நாட்டில் விட்டுக்கொடுக்காமல் எப்படி ஐயா வாழ்வது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொங்கல் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் நகர்ந்து இடம் விடாவிட்டால் பாதிப் பேர் ஊர் போய்ச் சேர முடியாது. ரயில்வேயே ஆர்.ஏ.சி. என்று ஒரு பக்கவாட்டுக் கீழ் பெர்த்தை இரண்டு பேருக்குக் கொடுக்கிறது. ஆனால் அங்கே இருவருக்கும் சரிபாதி. இருவருக்கும் ஒரே கால்வலி. அட்ஜஸ்ட்காரரின் ஏற்பாட்டில் நகர்வது எப்போதும் ஒரே ஆள். யாரிடம் இந்த வாக்கியம் சொல்லப்படுகிறது என்று பார்த்தாலே போதும். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொல்லி மேலாளர் ஊழியரிடம் சொல்வார். சம்பளத்தைக் கூட்டித் தரச் சொல்லி ஊழியர் மேலாளரிடம் சொல்லமாட்டார். "புது இடம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்பது மருமகளுக்கு. மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா? மாமியார் வீட்டில் அவருக்கு மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி.

"கேட்கத்தானே செய்கிறார், மாட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே?" என்பது அடுத்த வாதம். சொல்லலாம்தான். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' இருக்கிறதே, மறுக்கிறவரை அது கல்நெஞ்சக்காரராக்கிவிடும். பெட்டியில் இருக்கிற எல்லோரும் அவரையே பார்ப்பார்கள். மறுக்க முடியாதவர்களிடம் இந்தச் சொல் எங்கே போய் முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மலையாளத் திரையுலகில் பெண்களுக்கு நன்கு பழகிப்போன இரண்டு சொற்கள் என்று, 2024 ஆகஸ்டில் வெளியான நீதிபதி ஹேமா குழு அறிக்கை குறிப்பிட்டவை 'காம்ப்ரமைஸ்', 'அட்ஜஸ்ட்மெண்ட்'. அங்கே கேட்கப்பட்டது ஆறு அங்குல இடம் அல்ல.

ஆகவே இனி யாராவது அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொன்னால், நகர்வதற்கு முன் "எந்த ஸ்டேஷன் வரைக்கும் சார்?" என்று கேட்டுவிடுங்கள். உண்மையிலேயே இடமில்லாதவர் ஊர்ப்பெயரைச் சொல்வார். அவருக்குத் தாராளமாக நகர்ந்து கொடுங்கள்.